சம்பளமும் சங்கீதமும்

"பாட்டெல்லாம் சரி, சாப்பாட்டுக்கு என்ன வழி?" என்று கேட்காத தகப்பனார் தமிழ்நாட்டில் எந்தத் தலைமுறையிலும் இருந்ததில்லை. பிள்ளைக்குச் சாரீரம் நன்றாக அமைந்திருக்கிறது, லயஞானம் இருக்கிறது, குருநாதரே நாலு பேர் முன்னிலையில் மெச்சினார் என்ற சேதிகளையெல்லாம் உள்ளூரப் பூரிப்போடு கேட்டு வந்தவர், படிப்பு முடிந்து ஓர் உத்தியோகம் கைக்கெட்டும் சமயத்தில் அந்தப் பூரிப்பைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்பதற்காக அவரைக் கல்நெஞ்சர் என்று வைவது நியாயமாகாது. வீட்டு வாடகை, மளிகைக் கடைப் பாக்கி, இளையவளின் கல்யாணம் ஆகியவற்றின் சார்பில் யாராவது ஒருவர் கேட்டுத்தான் தீரவேண்டும். ஆனால், இதற்கு விடை சொல்லப் புகும் இளைஞர்களும் அவர்களுக்குப் பரிந்து பேசும் ரஸிகர்களும் பெரும்பாலும் ஒரு தப்பெண்ணத்தை மூலதனமாக வைத்துக்கொண்டே வாதத்தைத் தொடங்குகிறார்கள். முற்காலத்தில் கலைஞன் வயிற்றுக் கவலை இல்லாமல் கலைக்காகவே வாழ்ந்தான் என்றும், சம்பளம், ஆபீஸ் என்பவையெல்லாம் பின்னாளில் வந்து சேர்ந்த பீடைகள் என்றும் அவர்கள் நினைக்கிறார்கள். கர்நாடக சங்கீதத்தின் சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை.

திருவாரூரில் பிறந்த சங்கீத மும்மூர்த்திகளையே எடுத்துக்கொள்வோம். 1762-ல் பிறந்த சியாமா சாஸ்திரிகள் தஞ்சாவூர் பங்காரு காமாக்ஷி கோயிலில் பரம்பரை அர்ச்சகர். வேளை தவறாமல் செய்தாக வேண்டிய பூஜையும் அதற்குரிய வருமானமும் அவருக்கு இருந்தன. அம்பிகையின் சந்நிதியில் நின்று பாடிய அந்த மகானை உத்தியோகஸ்தர் என்று சொன்னால் சிலருக்கு மனம் சுளிக்கும். இருந்தாலும், நிலையான ஜீவனம் என்று நாம் இன்று எதைச் சொல்லுகிறோமோ அது மூவருள் அவர் ஒருவருக்கே வாய்த்திருந்தது. தியாகராஜ சுவாமிகள் சரபோஜி மன்னரின் அழைப்பை மறுத்தார் என்பதைச் சிறு குழந்தையும் அறியும். அதை மறுத்தபின் அவர் என்ன செய்தார் என்பதைத்தான் நாம் போதுமான அளவு சிந்திப்பதில்லை. அவர் வீடு வீடாகச் சென்று அரிசி பெறும் உஞ்சவிருத்தி எடுத்தார். அதாவது, தமக்கும் தம்மை அண்டியிருந்த சீடர்களுக்கும் அன்றாடம் எவ்வளவு அரிசி போதும் என்று தீர்மானித்துக்கொண்டு, அந்த அளவுக்குத் தம் தேவைகளைக் குறுக்கிக்கொண்டார். அவருடைய தமையனார் இதைக் கண்டு மனம் புழுங்கினார் என்று கர்ணபரம்பரைக் கதை கூறுகிறது. ஒரே கூரையின்கீழ் நடந்த அந்தச் சண்டையில் தமையனாரின் கக்ஷியையும் இரக்கத்தோடு கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். முத்துஸ்வாமி தீக்ஷிதரோ ஊர் ஊராக க்ஷேத்திரங்களைத் தரிசித்துக்கொண்டு, அன்பர்களின் ஆதரவில் வாழ்ந்து, 1835-ல் எட்டயபுரத்தில் காலமானார். ஆக, கோயில் வேலை, தேவையைக் குறைத்துக்கொள்ளுதல், பிறர் ஆதரவு என்று இன்றைக்கு ஒரு பாடகன் முன் நிற்கும் மூன்று மார்க்கங்களும் இருநூறு வருஷங்களுக்கு முன்பே ஒரே ஊர்க்காரர்கள் மூவரால் பரீக்ஷித்துப் பார்க்கப்பட்டுவிட்டன.

சமஸ்தானங்கள் இருந்தவரையில் ஆஸ்தான வித்வான் பதவி என்று ஒன்று இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து, சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக இந்தியாவோடு இணைந்தபோது அந்த மானியங்களும் மறைந்தன. நல்ல வேளையாக, அதற்குச் சற்று முன்னதாகவே வேறொரு புரவலர் தோன்றியிருந்தார். அவருக்குக் கிரீடம் கிடையாது, ஒலிபெருக்கி மட்டுமே உண்டு. 1938-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது முதல் 'நிலைய வித்வான்' என்ற புதியதொரு ஜாதி உண்டாயிற்று. இன்ன தேதியில் இன்ன பாடகருக்கு வயலின், இன்ன நாழிகையில் இன்ன வாத்திய கோஷ்டிக்கு மிருதங்கம் என்று டியூட்டி போடுவார்கள். முன்பின் தெரியாதவர் வந்து அபூர்வ ராகத்தில் ஒரு பல்லவியை எடுத்துவிட்டாலும் முகம் கோணாமல் பின்தொடர வேண்டும். பதிலுக்கு, மாதம் பிறந்தால் சம்பளம். மேதைகள்கூட இந்த மாதிரி ஸ்தாபனங்களின் நிழலை அலட்சியம் செய்யவில்லை. ஆங்கில இலக்கியத்தில் ஹானர்ஸ் பட்டம் பெற்ற ஜி. என். பாலசுப்பிரமணியம், கச்சேரி மேடையில் கொடிகட்டிப் பறந்தவர், வானொலியில் பதவி வகித்தார். பிறகு திருவனந்தபுரம் சங்கீதக் கல்லூரியின் தலைவராகப் போனார். முசிரி சுப்பிரமணிய ஐயர் 1949-ல் சென்னையில் அரசாங்கம் தொடங்கிய கர்நாடக சங்கீதக் கல்லூரிக்கு முதல் பிரின்ஸிபால் ஆனார். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து பௌதிகப் பட்டத்தோடு வந்த எம். டி. ராமநாதன், டைகர் வரதாச்சாரியாரிடம் சிக்ஷை பெற்ற கலாக்ஷேத்திரத்திலேயே ஆசிரியராகி, அந்த மரநிழலில் ஆயுளைக் கழித்தார். உத்தியோகமும் சங்கீதமும் ஒன்றாகவே இருக்கும்படி அமைந்த இந்த ஏற்பாடு இருக்கிறதே, இதைவிட மேலான சமரஸம் இந்த விஷயத்தில் வேறொன்றும் இதுவரை காணப்படவில்லை. குறை என்னவென்றால், இடங்கள் கொஞ்சம். வானொலியில் நிலைய வித்வான் ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த நாற்காலி முன்போல் உடனே நிரம்புவதும் இல்லை. மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் பதினேழும், இசைக் கல்லூரிகளும், கோயில்களில் நாகஸ்வர, தவில் பணியிடங்களும் இருக்கின்றன என்றாலும், வருஷா வருஷம் சங்கீதம் கற்று வெளிவருகிறவர்களுக்கு அவை எம்மாத்திரம்?

இனி, சங்கீதத்துக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத வேலை பார்த்துக்கொண்டே சங்கீதத்தில் அழியாத பெயர் நாட்டியவர்களைப் பார்ப்போம். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையை 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதி 1879-ல் தமிழுக்கு முதல் நாவலைத் தந்தவராக எல்லோரும் அறிவார்கள். 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'கள் இயற்றிய வாக்கேயக்காரரும் அவரே. எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களிலும் தமிழில் கிருதிகள் செய்து 'கந்த கானாமுதம்' என்னும் நிதியை வைத்துச் சென்ற கோடீசுவர ஐயர் சென்னை ஹைகோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். வாதி, பிரதிவாதிகளின் தஸ்தாவேஜுகளை இங்கிலீஷுக்கும் தமிழுக்குமாக மாற்றிக் களைத்த பேனா, பாடுவோர் பயந்து ஒதுங்கும் விவாதி மேளங்களில் முருகனை அழைத்தது என்பதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. திருவாங்கூர் லக்ஷ்மண பிள்ளை சமஸ்தானத்துக் கஜானாவில் அதிகாரி. நம் காலத்துக்கு அருகில் வந்தால் பெரியசாமித் தூரன்: பள்ளி ஆசிரியராக இருந்தார், பிறகு பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்தார், இத்தனைக்கும் நடுவில் அவர் இயற்றிய கீர்த்தனங்கள் இன்று கச்சேரிகளில் துக்கடாவாக மட்டுமன்றிப் பிரதானமாகவும் பாடப்படுகின்றன.

இந்தப் பட்டியலைச் சற்று உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். இவர்கள் அனைவரும் பாட்டை ஆக்கியவர்கள். மேடையேறிப் பாடிப் பிழைத்தவர்கள் அல்லர். ஆக்குகிறவனுக்கு வேண்டியது தனிமை, விடியற்காலை, ஒரு காகிதம். வேலைக்குப் போகும் வழியில் பல்லவி உதிக்கலாம். அனுபல்லவிக்கு ஆறு மாதம் காத்திருக்கலாம். அதற்காக எந்தச் சபைக் காரியதரிசியும் கோபித்துக்கொள்ளமாட்டார். ஆக்குகிறவனுக்கும் உத்தியோகம் வரி விதிக்காமல் விடுவதில்லை என்பதற்கு ருஷ்ய தேசத்துப் போரடின் சாட்சி. அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் ரஸாயனப் பேராசிரியர். வகுப்பு எடுக்க முடியாதபடி உடம்பு படுத்தும் நாட்களில்தான் தமக்கு இசை எழுத அவகாசம் கிடைக்கிறது என்ற கருத்தை அவரே சிரித்துக்கொண்டு சொன்னதுண்டு. 1869-ல் ஆரம்பித்த 'இளவரசர் ஈகோர்' என்ற ஆப்பெராவை முடிக்காமலே 1887-ல் இறந்துபோனார்; ரிம்ஸ்கி-கோர்ஸகோவும் கிளாஸுனோவும் சேர்ந்து அதை முடித்துவைத்தார்கள். பதினெட்டு வருஷம்!

மேடைக் கலைஞனின் கதையே வேறு. அவனுடைய வாத்தியம் அவன் உடம்பு; பாடகனுக்குத் தொண்டை, வயலின்காரருக்கு இடக்கை விரல்கள். அதைத் தினந்தோறும் சாதகத்தால் பதப்படுத்த வேண்டும். அத்துடன், கூப்பிட்டபோது போகவும் வேண்டும். இன்று மாலை ஒருவருக்குக் காய்ச்சல், அந்த இடத்துக்கு நீங்கள் வர முடியுமா என்று மத்தியானம் வரும் டெலிபோன்தான் எத்தனையோ இளம் வித்வான்களின் வாழ்க்கையைத் திருப்பியிருக்கிறது. அந்த மத்தியானத்தில் வரவுசெலவு ஐந்தொகையின் நடுவில் அகப்பட்டுக்கொண்டிருப்பவனுக்கு அந்தத் திருப்பம் இல்லை.

வங்கியில் குமாஸ்தாவாக இருந்த ஒரு மிருதங்க வித்வானை எனக்கு நெடுநாளாகத் தெரியும். சாயங்காலம் கவுண்டரை மூடிக் கணக்கு நேர் செய்துவிட்டு, உறையிட்ட மிருதங்கத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு மின்சார ரயிலில் ஏறி, சபையின் பின்கட்டில் வந்து உட்கார்ந்து, ரவையைப் பிசைந்து தொப்பியில் அப்பி, ஒரு சிறு கல்லால் தட்டிச் சுருதி சேர்ப்பார். பகலெல்லாம் ரூபாய் நோட்டு எண்ணிய விரல்கள் அரைமணியில் வேறு கணக்குக்கு மாறிவிடும். "மார்ச் மாதம் மட்டும் லீவு கேட்காதீர்கள், சார்" என்று மானேஜர் ஒவ்வொரு வருஷமும் சொல்வாராம். அவர் சொல்வதும் சரிதான், வருஷக் கணக்கு முடிக்கிற மாதம். ஆனால் ஸ்ரீராமநவமிக் கச்சேரிகள் தொடங்குவதும் அந்தச் சமயத்தில்தானே! பெங்களூர், சேலம் என்று வந்த அழைப்புகளை அவர் வருஷந்தோறும் தட்டிக்கழித்தார். மறுபுறம், ஆபீஸர் பிரமோஷன் வந்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். பிரமோஷன் என்றால் எங்கேயோ ஒரு கிளைக்கு மாற்றல், மாற்றல் என்றால் சென்னைச் சபைகளுக்கு முழுக்கு. அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் அவருக்கே மேலதிகாரிகள் ஆனார்கள். "சங்கீதத்துக்காக பாங்கிலே கொஞ்சம் விட்டேன், பாங்குக்காகச் சங்கீதத்திலே கொஞ்சம் விட்டேன். ரெண்டு பக்கமும் கணக்கு டாலி ஆகிறது, இல்லையா?" என்று அவர் கேட்டபோது அதில் கசப்பு இருந்ததா என்று என்னால் நிச்சயிக்க முடியவில்லை. பென்ஷன் வருகிறது, இரண்டு பெண்களுக்கும் கடனில்லாமல் கல்யாணம் நடந்தது, நல்ல மிருதங்கம் என்று நாலு பேர் சொல்கிறார்கள். முதல் வரிசை என்று யாரும் சொல்லவில்லை.

வேலையையோ, படித்த தொழிலையோ விட்டுவிட்டு வந்து முதல் வரிசைக்குப் போனவர்களும் உண்டு. பி. உன்னிகிருஷ்ணன் பாரி கம்பெனியின் மிட்டாய்ப் பிரிவில் 1994 வரை உத்தியோகம் பார்த்தவர். அதே வருஷம் வெளிவந்த படங்களில் பாடிய பாட்டுகளுக்காகத் தேசிய விருதையும் பெற்றார். 2015-ல் சங்கீத கலாநிதி ஆன சஞ்சய் சுப்ரமண்யன் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட். மிருதங்க மேதை உமையாள்புரம் சிவராமன் பி.எல். பட்டம் பெற்றவர். இவர்களை மேற்கோள் காட்டி, "நானும் ராஜிநாமா செய்கிறேன்" என்று கிளம்பும் இளைஞரிடம் நான் ஒன்று சொல்லத் துணிவேன்: இவர்களெல்லாம் கையில் ஒரு பட்டத்தோடு நின்று, கச்சேரிகள் தாமாகவே தேடி வரத் தொடங்கிய பிறகு முழுமூச்சாக மேடைக்கு வந்தவர்கள். கச்சேரி வரும் என்று நம்பி வேலையை விட்டவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது.

முழுநேர வித்வானின் வரவு எப்படிப்பட்டது என்பதையும் பொது ஜனங்கள் அறிந்துகொள்வது நல்லது. மார்கழி மாதத்துச் சென்னையைப் பார்த்துவிட்டு, சங்கீதம் பொன் விளையும் பூமி என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. மாலைக் கச்சேரி வாய்க்கும் சிலருக்கு அது மெய். பகல் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் பாடும் இளைஞருக்கு, சபை கொடுக்கும் கவரைப் பிரித்தால் பக்கவாத்தியக்காரர்களின் வண்டிச் சத்தத்துக்கே அது காணாது. தம் கைப்பணத்தைப் போட்டுப் பக்கவாத்தியத்துக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய பாடகிகளை நான் அறிவேன். பட்டுப் புடைவை, வாத்தியத்துக்கு மூட்டு மாற்றும் செலவு, ஒலிப்பதிவு, போட்டோ எல்லாம் சொந்தப் பொறுப்பு. கல்யாணக் கச்சேரி கைகொடுக்கும் என்றால், ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. நாகஸ்வரக் குடும்பங்களுக்கு அந்த இரண்டு மாதமும் எப்படிக் கழிகின்றன என்பதை அந்த வீட்டு அடுப்புகளைக் கேட்டால் சொல்லும். உண்மையில் பெரும்பாலான வித்வான்களுக்குச் சோறு போடுவது டியூஷன். இப்போது அமெரிக்காவில் உள்ள குழந்தைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியே பாடம் சொல்கிறார்கள். அங்கே மாலை என்றால் இங்கே விடியற்காலை. அகாரசாதகம் செய்வதற்கென்று பெரியோர்கள் விதித்த அந்தப் பிராம்ம முகூர்த்தத்தில், ஸரளி வரிசையைப் பதினான்காவது குழந்தைக்குப் பதினான்காவது தடவையாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறவர், ஆபீசுக்குப் போகிறவனைவிட அதிக சுதந்திரம் உடையவர் என்று எப்படிச் சொல்வது? ஆபீஸ் குமாஸ்தாவாவது அந்த ஒரு மணி நேரத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்கிறான்.

பெண்களின் விஷயத்தில் இந்தக் கேள்வியே வெகுகாலம் வேறு உருவத்தில் இருந்தது. வேலையா, சங்கீதமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. சங்கீதமா, சம்சாரமா என்றுதான் கேட்டார்கள். இன்றோ மூன்றையும் சேர்த்துக் கேட்கிறார்கள். இதைத் தனியாக எழுத வேண்டும்.

ஆகவே, சங்கீதமா உத்தியோகமா என்று மொட்டையாகக் கேட்பதால் பிரயோஜனமில்லை. சங்கீதத்தில் எந்தக் காரியம் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பாட்டு இயற்றவும், ஆராயவும், எழுதவும், சிஷ்யர் நாலு பேருக்குச் செவ்வையாகச் சொல்லிக் கொடுக்கவும் ஆசைப்படுகிறவர் உத்தியோகத்தை விடவேண்டிய அவசியமே இல்லை. கோடீசுவர ஐயருக்குப் போதுமானதாக இருந்த ஓய்வு நமக்கும் போதும். மேடையில் முதல் வரிசை வேண்டும் என்பவர், என்றைக்கானாலும் ஒருநாள் உத்தியோகத்தை விட்டே ஆகவேண்டும் என்பதை முதல் நாளே ஒப்புக்கொண்டு அதற்கேற்ற உத்தியோகத்தைத் தேட வேண்டும். அதிகச் சம்பளமும் அகால வேலையும் உள்ள கம்பெனியைக் காட்டிலும், குறைந்த சம்பளமானாலும் மாலை ஐந்தரைக்குக் கதவைச் சாத்தும் காரியாலயம் அவருக்கு மேல். ரயில்வேயில் கலாசாரக் கோட்டா என்ற பெயரில் சங்கீதம் தெரிந்தவர்களுக்கென்றே சில இடங்கள் ஒதுக்குகிறார்கள், விசாரித்துப் பார்க்கலாம். எப்போது விடுவது? அதற்கு ஜோஸியம் வேண்டாம். லீவு தீர்ந்துபோய், சம்பளப் பிடித்தத்தின்மேல் கச்சேரிக்குப் போய்வந்தும், பிடித்த தொகையைக் காட்டிலும் கச்சேரி வரவு அதிகமாக இருந்து, இந்த நிலை ஒரு வருஷமல்ல, தொடர்ந்து சில வருஷங்கள் நீடித்தால் ராஜிநாமாக் கடிதம் எழுதலாம். அதுவரையில், அதிகாலை ஒரு மணி நேரத்தை யாருக்கும் விற்காமல் காத்துக்கொண்டால் போதும். தகப்பனார்களிடமும் ஒரு விண்ணப்பம். "தம்பி, முதலில் வேலையில் சேர், பாட்டு எங்கேயும் ஓடிப் போகாது" என்று சொல்கிறீர்கள். ஓடித்தான் போகும், ஐயா. இருபதிலிருந்து முப்பது வயதுக்குள் சாதகம் விட்டுப்போன தொண்டைக்கு நாற்பதில் எந்தக் குருவும் பழைய பதத்தைத் திருப்பித் தர முடியாது. வேலையில் சேரச் சொல்லுங்கள். கூடவே, விடியற்காலையில் தம்பூராச் சத்தம் கேட்டால் கதவைத் தட்டாமல் இருங்கள்.

ரஸிகர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. பகல் கச்சேரிகளுக்குப் பல சபைகளில் நுழைவுக் கட்டணம் கிடையாது. கேட்கிறவர்களைவிடக் கான்டீனில் அடை அவியலுக்குக் காத்திருப்பவர்கள் அதிகம். அந்த அடைக்கு மறுபேச்சில்லாமல் கொடுக்கும் காசில் பாதியையாவது அங்கே பாடும் குழந்தைக்கு டிக்கெட்டாகக் கொடுக்க நாம் தயாராக இருக்கிறோம் என்று சபைக் காரியதரிசிகளுக்குத் தெரியப்படுத்துவோம். இந்த வருஷம் மார்கழி பிறப்பதற்கு முன்பே எழுதிப் போடுங்கள்.